வட்டாரம் போனது, வட்டாரம் வந்தது: கொழும்பு மாநகர சபையின் எல்லைக்கோட்டுக் கதை

மழை விட்ட மறுநாள் காலை எங்கள் தோட்டத்துக் கான் நிரம்பி வழியும். பைப்படியில் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். அப்பா சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போவார். “மெம்பரைப் பார்த்திட்டு வாறேன்” என்பார். அரை மணி நேரத்தில் திரும்பி வருவார். சில நாள் பின்னாலேயே மாநகர சபை ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வருவார்கள். சில நாள் யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் வீடு எங்கே, எத்தனை மணிக்கு அவர் எழும்புவார் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

(கொழும்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ‘தோட்டம்’ என்றால் தேயிலை இல்லை. ஒரு முடுக்குக்குள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் சிறு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு பைப், பொதுக் கழிப்பறை. அதுதான் தோட்டம். ‘கான்’ என்றால் தெருவோர வடிகால்.)

எனக்கு வாக்குரிமை வந்தபோது அந்த மெம்பர் இல்லை. ஆள் செத்துப்போனதல்ல விஷயம். அந்தப் பதவியே செத்துப்போயிருந்தது. கொழும்பு முழுவதும் ஒரே தொகுதியாகி, எங்கள் தெருவுக்கென்று எவரும் இல்லாமல் போயிருந்தார்கள். 2018இல் திரும்பவும் ‘வட்டார உறுப்பினர்’ என்று ஒருவர் வந்தார். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் முதல் கேள்வியாக “ஆள் வீடு எங்க?” என்றுதான் கேட்டிருப்பார்.

வட்டாரம் என்பது வரைபடத்தில் ஒரு கோடுதானே, அதில் என்ன வரலாறு என்று தோன்றலாம். அந்தக் கோட்டைப் போடும்போதெல்லாம் இரண்டு விஷயம் முடிவாகிறது: உங்கள் கான் அடைத்தால் யாரிடம் போவது, சபையில் உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் உட்காருவார்கள். கொழும்பில் இந்த இரண்டும் ஒருசேர நன்றாக அமைந்த காலம் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபை வந்தது. அடுத்த ஆண்டு கொழும்புச் சபை கூடத் தொடங்கியது. தேர்தல் இருந்தது, ஆனால் எல்லாருக்கும் அல்ல: சொத்து, வருமானம், கட்டும் வரி எல்லாம் பார்த்துத்தான் வாக்கு. தலைமை நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட்டாரப் பெயர்களைப் படித்தாலே நகரம் அப்போது எவ்வளவு சின்னது என்று புரியும்: கோட்டை, புறக்கோட்டை, சென் போல்ஸ், சென் செபஸ்தியன், கொட்டாஞ்சேனை, நியூ பஜார், மருதானை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி. பாதிக்கு மேல் துறைமுகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். சபையின் மண்டபமும் அங்கேதான் இருந்தது. 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம் இன்றும் புறக்கோட்டைச் சந்தடிக்கு நடுவில் நிற்கிறது. 1928இல் சபை கறுவாத்தோட்டத்து வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டது. செட்டியார் தெருவிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும் சபை, பஸ் ஏறிப் போகவேண்டிய சபையாகியது. கட்டடம் அழகு, அதில் சந்தேகமில்லை.

அந்தக் காலத்து வாக்குரிமையின் தடம் இன்னும் நம் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறது. வட கொழும்பு விலாசங்களில் 128/14, 76/3 என்று சாய்கோடு வருமே, அது சோலை வரிக்காக சபை வைத்திருந்த மதிப்பீட்டுப் பதிவேட்டின் கணக்கு. முன்பக்கத்துக் கல்வீடு 128. அதன் பின்னால் அதே காணியில் வாடகைக்கு விட்ட அறைகள் 128/1, 128/2 என்று நீளும். வரி கட்டுபவர் முன்வீட்டுக்காரர். வாக்கும் அவர் பக்கம். சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் வாக்காளர், வலப்பக்கம் இருப்பவர் குடியிருப்பாளர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், சபையின் குப்பை வண்டியை இழுத்தவர், கடைச் சிப்பந்தி, இவர்களெல்லாம் வலப்பக்கத்தில்தான் இருந்தார்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்போடு அரசாங்க சபைத் தேர்தலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை வந்தது. கொழும்பு வடக்கில் வென்றவர் டாக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் அவர் ஆசனம் போனது. 1932 இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். கணவருக்காக நிறுத்தப்பட்ட பொம்மை என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. 1936இல் அதே தொகுதி மக்கள் அவரைத் திரும்பவும் அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு, 1937, மாநகர சபைக்குப் பெரிய ஆண்டு. புதிய சட்டத்தின்படி சபை தன் தலைவரைத் தானே தெரிவு செய்யலாம் என்றாகியது. முதல் மேயராக அமர்ந்தவர் அதே இரத்தினஜோதி சரவணமுத்து. கொழும்பின் முதல் மேயர் ஒரு தமிழர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அவரை அங்கே உட்கார வைத்தது தமிழ் வாக்கு மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே ஆண்டில் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து டாக்டர் மேரி இரத்தினம் தெரிவானார். கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து இங்கேயே தங்கிவிட்ட வைத்தியர். மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். சில மாதங்களில் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவருடைய ஆசனத்தைப் பறித்துவிட்டார்கள். அவருடைய மகன் குமாரன் இரத்தினம் பிறகு மேயராகவே வந்தார்; கொம்பனித்தெருவில் அவர் பெயரில் வீதி இருக்கிறது.

அந்த வட்டாரங்கள் அரசியலுக்கு ஏணிப்படியாகவும் இருந்தன. டிராம் வண்டித் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் திரட்டிய ஏ.ஈ. குணசிங்க 1940களின் தொடக்கத்தில் மேயர். 1954இல் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா மேயர். வாழைத்தோட்டத்தில் வளர்ந்த ஆர். பிரேமதாச 1950இல் சபைக்குள் நுழைந்து, 1955இல் பிரதி மேயர். கடைசியில் நாட்டின் ஜனாதிபதி. ஒரு தோட்டத்துக் கானையும் பைப்பையும் பற்றிப் பேசத் தெரிந்தவர் எதுவரை போகலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். நல்லதோ கெட்டதோ, அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு வந்த எல்லாக் கட்சிக்காரரும் படித்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத்தை மட்டும் தாக்கவில்லை. துறைமுகத்திலும் சபையின் சுத்திகரிப்பு வேலையிலும் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் கொழும்பு வட்டாரங்களிலும் வாக்கில்லாதவர் ஆனார்கள். மெம்பருக்கு அவர்களைக் கவனிக்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தவர்களுக்கு 1931 கொடுத்ததை, அவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்து பதினேழு பதினெட்டு ஆண்டுக்குள் திரும்ப எடுத்தாகிவிட்டது. அந்தக் கணக்கு முழுசாகத் தீர 2003இன் குடியுரிமைச் சட்டம் வரை பிடித்தது.

இன்னொரு விஷயம், தனி உறுப்பினர் வட்டாரத்தின் இயல்பான குறை. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் ஒரு பக்கமாக வாக்களித்தாலும், மறுபக்கம் நாற்பத்தொன்று என்றால் அந்த நாற்பதுக்கு ஒன்றுமில்லை. பாராளுமன்றத் தொகுதிப் பிரிப்பில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. மூன்றையும் ஒரே ஆளுக்குக் குத்தலாம், பிரித்தும் கொடுக்கலாம். 1947இல் அங்கிருந்து போன மூவர் ஏ.ஈ. குணசிங்க, பீற்றர் கெனமன், ரி.பி. ஜாயா. தொழிற்சங்கவாதி, பறங்கிக் கம்யூனிஸ்ட், முஸ்லிம் தலைவர். ஒரே தெருக்களின் மக்கள் மூன்று விதமானவர்களை அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்து கொழும்பின் முகத்துக்குப் பொருத்தமான தேர்தல் முறை அதுதான். 1978இன் அரசியலமைப்போடு பழைய தொகுதி முறையும் அதோடு இந்த ஏற்பாடும் முடிந்தன.

கட்சி எடுத்த வாக்கின் பங்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறை மாநகர சபைக்கு 1979இல் வந்தது. வட்டாரங்கள் வாக்குச் சீட்டிலிருந்து மறைந்தன. சபையின் நிருவாகப் பட்டியலில் மட்டும் 47 வட்டாரங்களும் பேருக்கு இருந்தன: ஒன்றாம் இலக்கம் மட்டக்குளி, இரண்டு முகத்துவாரம் என்று தொடங்கி, கொட்டாஞ்சேனை கிழக்கு, மேற்கு, கொச்சிக்கடை வடக்கு, ஜிந்துப்பிட்டி என்று இறங்கி, வெள்ளவத்தை தெற்கு வரை நீளும். அரச பட்டியலில் அளுத்கடை என்று இருப்பது நமக்குப் புதுக்கடை. கெசல்வத்தை நமக்கு வாழைத்தோட்டம். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு பெயர், இரண்டும் ஒரே பொருள்.

விகிதாசாரம் தமிழருக்கு என்ன செய்தது? வெள்ளவத்தையில் ஆயிரம், ஜிந்துப்பிட்டியில் ஆயிரம், முகத்துவாரத்தில் ஆயிரம் என்று சிதறிக் கிடந்த வாக்குகள் முதல்தடவையாக ஒரே கூடையில் விழுந்தன. 1983க்குப் பிறகு நகரத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள், வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குடியேறியவர்கள், எவருடைய வாக்கும் எல்லைக்கோட்டால் வீணாகவில்லை. 2011 ஒக்டோபர் தேர்தலில் மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி தனித்து நின்று, 53 பேர் கொண்ட சபையில் 6 ஆசனம் எடுத்தது இந்தக் கூட்டல் கணக்கால்தான். பெரிய கட்சிகளின் பட்டியலிலும், பட்டியலுக்குள் ஆளைப் பார்த்துக் குத்தும் விருப்பு வாக்கால் தமிழரும் முஸ்லிம்களும் ஏறினார்கள். கே. கணேசலிங்கம் மேயராக இருந்ததும் இந்தக் காலத்தில்தான்.

சரி, ஆள் தொகை கிடைத்தது. கான் அடைத்தால்? அதற்குப் பதில் இல்லை. உறுப்பினர் முழு நகரத்துக்கும் உறுப்பினர்; ஆகவே எந்தத் தெருவுக்கும் இல்லை. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவர் போஸ்டரில் மற்றவர் போஸ்டரை ஒட்டினார்கள். வெள்ளவத்தையிலும் மட்டக்குளியிலும் ஒரே வாரத்தில் பேசக் காசு உள்ளவர் முன்னுக்கு வந்தார். எங்கள் தெருவில் லைட் போஸ்ட் ஒன்று எரியாமல் எட்டு மாதம் கிடந்தது. மூன்று உறுப்பினர்களிடம் சொன்னேன். மூவருமே “அது அவருடைய ஏரியா” என்று மற்றவரைக் காட்டினார்கள். கடைசியில் மின்விளக்கு வேலை தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் ஏறிச் சரிசெய்தான். அது சட்டப்படி குற்றமாக இருக்கலாம்.

2006 கதையைச் சொல்லாமல் போகமுடியாது. கொழும்பில் அசைக்கமுடியாத ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கட்சி வேறு வழியில்லாமல் மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கச் சொன்னது. மக்களும் கண்ணாடிக்குக் குத்தினார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுநர் உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். சாதாரணத் தொழிலாளி ஒருவர் மேயரானது எனக்கு ஒன்றும் குறையாகப் படவில்லை. யாருக்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமலே ஒரு நகரம் மேயரைத் தெரிவு செய்ய முடிந்ததுதான் குறை. முறை எவ்வளவு தூரம் ஆளை மறந்து சின்னத்தின் பின்னால் போயிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சபையின் முடிவும் நல்லபடி இருக்கவில்லை. விசேட ஆணையாளரின் கைக்கு நகரம் போனது.

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் வட்டாரமும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறைச் சட்டம் 2012இல் வந்தது. எல்லை நிர்ணயக் குழு கோடு போட்டது. 2015 ஆகஸ்டில் வர்த்தமானி வந்தது. முறைப்பாடுகள் குவிய, அசோக பீரிஸ் தலைமையிலான குழு திருத்தி, 2017 பெப்ரவரியில் மறுபடி வர்த்தமானி. முதலில் 70க்கு 30 என்றிருந்த வட்டார, பட்டியல் விகிதம் 60க்கு 40 ஆகியது. சிறுபான்மைக் கட்சிகளும் சிறு கட்சிகளும் அதற்காகக் கடுமையாகப் பேரம் பேசின. கொழும்புக்கு 110 ஆசனம்: வட்டாரத்திலிருந்து 66, பட்டியலிலிருந்து 44. பெண்களுக்கு நூற்றுக்கு 25 என்ற ஒதுக்கீடும் சேர்ந்தது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை 2018 பெப்ரவரி 10 முடிவை வைத்தே விளக்கலாம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு நகரம் முழுவதும் நூற்றுக்கு 46 வாக்கு. 110இல் அதன் பங்கு 51 ஆசனம். ஆனால் வட்டாரத்தில் மட்டும் 60 இடத்தை வென்றுவிட்டது. வென்ற வட்டாரத்தைப் பிடுங்க முடியாது. அதனால் என்ன செய்தார்கள்? சபையையே பெருப்பித்தார்கள். 110, 119 ஆனது. கல்யாண வீட்டில் ஆள் கூடிவிட்டால் பந்தியில் இன்னும் ஒன்பது இலை போடுவதுபோல. முன்பு 53 பேரோடு நடந்த நகரம் 119 பேரைத் தாங்கவேண்டியதாயிற்று. ஜனநாயக மக்கள் முன்னணிக்கு 10 ஆசனம் கிடைத்தது. 6 எங்கே, 10 எங்கே என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு; 53இல் 6 என்பது நூற்றுக்கு பதினொன்று, 119இல் 10 என்பது எட்டரைக்கும் குறைவு. கூடியது நாற்காலி, பங்கு அல்ல. ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார்.

இந்த முறையில் எனக்கு இரண்டு இடத்தில் சரிப்படவில்லை. ஒன்று, பல உறுப்பினர் வட்டாரம். கலந்து வாழும் மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கட்டும் என்று சொல்லித்தான் அது வைக்கப்பட்டது. ஆனால் பழைய கொழும்பு மத்தி போல மூன்று வாக்கு இல்லை, ஒரே புள்ளடி. கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு அந்த வட்டாரத்தின் எல்லா ஆசனமும் போய்விடுகிறது. கலப்பு வேண்டுமானால் கட்சி தன் வேட்பாளர்களுக்குள் கலக்கவேண்டும்; வாக்காளர் கலக்க முடியாது. பெட்டியை மாற்றிவிட்டுப் பழைய பெயரை மட்டும் ஒட்டியது மாதிரி.

மற்றது வாக்குச் சீட்டு. வட்டாரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதானே இவ்வளவும்? சீட்டில் அந்த ஆளின் பெயர் இல்லை. கட்சியும் சின்னமும் மட்டும். 2018இல் எங்கள் வாக்குச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி, “தம்பி, நம்ம வட்டாரத்துக்கு யாரு நிக்கிறாங்க?” என்று கேட்டார். எனக்கு ஒரு கட்சியின் ஆள் யாரென்று தெரியும், மற்றவர்களைத் தெரியாது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் கதைக்க வேண்டாம் என்று கைகாட்டினார். அம்மா உள்ளே போய்ப் பழக்கப்பட்ட சின்னத்துக்குப் போட்டுவிட்டு வந்திருப்பார்.

அந்தச் சபையின் காலம் ஓராண்டு நீட்டி 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், காசில்லை என்ற காரணத்தோடு நின்றுபோனது. இரண்டு ஆண்டுக்கு மேல் மறுபடியும் மெம்பர் இல்லாத நகரம். 2025 மே 6இல் தேர்தல் நடந்தபோது தேசிய மக்கள் சக்தி வட்டார ஆசனங்களில் 48ஐ வென்றது. வாக்குப்படி அதன் பங்கு 41. பழைய கதைதான், மேலதிகம் ஏழு, சபை 117. ஆனால் இந்தத் தடவை முதலிடத்தில் வந்த கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16இல் மேயரைத் தெரிவு செய்ய இரகசிய வாக்கெடுப்பு. தேசிய மக்கள் சக்தியின் வ்ராய் கெலி பல்தசார் 61 வாக்கு, ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக் 54. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சிறு கட்சிக்காரரும் சுயேச்சைகளும். வட்டார முறை பெரிய கட்சிக்கே வசதி என்று 2018இல் பேசினோம். ஏழு வருடத்தில் அதே முறை ஒரு கைப்பிடிச் சுயேச்சைகளிடம் தராசு முள்ளைக் கொடுத்தது.

கோடுகள் மட்டும் 2017இல் நின்ற இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்குள் இருந்த மக்கள் நிற்கவில்லை. கொம்பனித்தெருவில் 2010இல் வீடுகள் உடைபடத் தொடங்கின. நகரத்தின் பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வடக்கேயும் கிழக்கேயும் கட்டிய அடுக்குமாடிகளுக்குப் போயின. முடுக்கு முடுக்காக இருந்த வாக்குகள் மாடி மாடியாகின்றன. ஒரே கட்டடத்தில் பல தோட்டத்து ஆட்கள்.

என் சித்தி அப்படி மட்டக்குளிப் பக்கம் ஏழாம் மாடிக்குப் போனவர். போன மாதம் லிஃப்ட் மூன்று நாள் வேலை செய்யவில்லை. முழங்கால் வலியோடு படி இறங்கி, பஸ் எடுத்து, கொம்பனித்தெருவுக்குப் போய், பழைய வட்டாரத்து ஆளைப் பார்த்திருக்கிறார். அது தன் வட்டாரம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். “அது எனக்கும் தெரியும்” என்றாராம் சித்தி. “ஒங்க வீடுதான் எனக்குத் தெரியும், அதான் வந்தேன்.”